ட்ரோன் ஓட்டுபவர் ‘பைலட்’ என்று போட்டுக்கொள்ளலாமா?

கேள்வி: திருவாரூர் பக்கம் 10 லிட்டர் ட்ரோன் வைத்து நெல்லுக்கு மருந்து அடித்துக் கொடுக்கிறேன். ட்ரோன் எங்கள் உழவர் குழுவுடையது. அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கிவிட்டேன். விசிட்டிங் கார்டில் ‘பைலட்’ என்று போட ஆசை. விமானம் ஓட்டப் படிக்கும் என் மாமா மகன், “ஆப்தான் ஓட்டுது, நீ வெறும் ஆப்பரேட்டர். பைலட்னு போட்டா கேஸ் ஆகிடும்” என்கிறான். எது சரி?

பதில்: ‘ட்ரோன் பைலட்’ என்று தாராளமாகப் போடுங்கள். 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகளே உங்களை ‘ரிமோட் பைலட்’ என்றுதான் குறிப்பிடுகின்றன. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பும் அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.வும் அதே பெயரைத்தான் வைத்திருக்கின்றன. சட்டம் கொடுத்த பெயரைப் போட்டதற்கு யாரும் கேஸ் போட முடியாது.

ஆனால், வெறும் ‘பைலட்’ வேண்டாம். உங்கள் மாமா மகன் வணிக விமானி உரிமம் வாங்க 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். மருத்துவப் பரிசோதனையிலும் தேற வேண்டும். நீங்கள் பத்தாம் வகுப்பும் சில நாள் பயிற்சியும் முடித்து வந்திருக்கிறீர்கள். இரண்டும் ஒன்றென்று கார்டைப் பார்ப்பவர் நினைத்துவிடக் கூடாது. ‘லைசென்ஸ் பெற்ற’ என்றும் சேர்க்காதீர்கள். 2022 பிப்ரவரித் திருத்தத்தில் லைசென்ஸ் முறையே எடுக்கப்பட்டுவிட்டது. உங்களிடம் இருப்பது சான்றிதழ்.

இனி மாமா மகன் சொன்ன முக்கியமான விஷயத்துக்கு வருவோம்: ஆப்தானே ஓட்டுகிறது? வயலின் மூலைகளைக் குறித்து ஸ்டார்ட் கொடுத்தால் ட்ரோன் தானாகவே வரிசை பிடித்துப் போகிறது, உண்மைதான். ஆனால் ஜிபிஎஸ் சிக்னல் விழுந்துவிட்டால் என்ன நடக்கும்? பல ட்ரோன்கள் அட்டிடியூட் மோடுக்கு மாறிவிடும். உயரத்தைப் பிடித்துக்கொள்ளும், இடத்தைப் பிடிக்காது. குறுவைக்கு மருந்து அடிக்கும் ஆடி மாதத்தில் மேல்காற்று கிளம்பினால், தொட்டியில் பாதி மருந்தோடு அது கிழக்கே நகர்ந்துகொண்டே போகும். அங்கே வரப்பில் களை பறிக்கும் பெண்கள் இருக்கலாம். வலது ஸ்டிக்கை எந்தப் பக்கம், எவ்வளவு தள்ளுவது என்று அந்தச் சில விநாடிகளில் முடிவெடுப்பது உங்கள் கட்டைவிரல்தான், ஆப் அல்ல.

மின்கம்பத்தின் ஸ்டே கம்பியும் அப்படித்தான். மெல்லிய கம்பியைப் பல ட்ரோன்களின் ரேடார் கண்டுபிடிக்காது. பறக்கும் முன் வயலைச் சுற்றி நடந்து பார்த்தவருக்குத்தான் அது எங்கே இருக்கிறது என்று தெரியும். பேட்டரி குறைந்தால் தானே திரும்பி வரும் வசதியை நம்புகிறீர்கள். திரும்பும் உயரத்தை 15 மீட்டர் என்று வைத்துவிட்டு, வழியில் 20 மீட்டர் நெட்டைத் தென்னை நின்றால், நேரே மட்டையில் போய் மோதும். அந்த உயரத்தைக் காலையில் சரிபார்த்தது யார், காற்று ஏறியதும் இன்றைக்குப் பறக்க வேண்டாம் என்று சொன்னது யார் என்பதை வைத்துத்தான் பைலட் யார் என்று நான் தீர்மானிப்பேன். பயணிகள் விமானத்திலும் பெரும்பாலான நேரம் ஆட்டோபைலட்தான் ஓட்டுகிறது. அதற்காக அங்கே இருப்பவரை நாம் ஆப்பரேட்டர் என்று அழைப்பதில்லை.

உயிரைப் பணயம் வைப்பவர்தான் பைலட் என்றும் ஒரு வாதம் உண்டு. அமெரிக்க விமானப்படை, எம்கியூ-9 ரீப்பர் என்ற போர் ட்ரோனைத் தரையிலிருந்து இயக்கும் அதிகாரிகளைப் பைலட் என்றே அழைக்கிறது. ஆனாலும் ட்ரோன் இயக்குபவர்களுக்கும் கிடைக்கும்படி 2013 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட ஒரு பதக்கத்தை, போர்க்களத்தில் காயம்பட்டவர்களுக்கான பதக்கத்துக்கு மேலே வைத்ததும் எதிர்ப்பு கிளம்பியது. ஏப்ரலிலேயே அதைக் கைவிட்டார்கள். அந்த எதிர்ப்பு நியாயமானதென்றே நினைக்கிறேன். வீரத்துக்கான மரியாதை வேறு, வேலைக்கான பெயர் வேறு.

‘ஆப்பரேட்டர்’ என்று போட்டால் உங்களுக்கு வேறொரு சிக்கலும் இருக்கிறது. ஐரோப்பிய விதிகளில் ஆப்பரேட்டர் என்றால் ட்ரோனை வைத்து வேலையை நடத்தும் ஆளோ நிறுவனமோதான். பறக்கவிடுபவர் ரிமோட் பைலட். பிரிட்டனில் இருவருக்கும் தனித்தனி அடையாள எண்ணே உண்டு. உங்கள் விஷயத்தில் ட்ரோன் குழுவுடையது, அதன் யுஐஎன் (தனி அடையாள எண்) பதிவும் குழுவின் பெயரில்தான் இருக்க வேண்டும். பறக்கவிடும் பொறுப்பு மட்டும் உங்களுடையது. மூன்றாம் நபர் காப்பீடு, பராமரிப்பு, பழுதான பேட்டரியை மாற்றுவது எல்லாம் யார் பொறுப்பு என்று குழுவோடு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விபத்து நடந்த பிறகு இதைப் பேசி முடிவெடுக்க முடியாது.

கார்டில் பெயருக்குக் கீழே ‘ட்ரோன் பைலட்’, அடுத்த வரியில் சான்றிதழில் உள்ளபடி வகையும் எடைப்பிரிவும் போடுங்கள். 10 லிட்டர் ட்ரோன்கள் பொதுவாக 2 முதல் 25 கிலோ வரையிலான ஸ்மால் பிரிவில் வரும். சான்றிதழ் 10 ஆண்டுகள் செல்லும்; நகல் எப்போதும் வண்டியில் இருக்கட்டும். மருந்து கலக்கும் பையன் ஆசையாகக் கேட்டாலும் ரிமோட்டை அவன் கையில் கொடுக்காதீர்கள். சான்றிதழ் இல்லாதவர் இந்த ட்ரோனைப் பறக்கவிட்டால், 2021 விதிகளின்படி ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். அவனுக்கு 18 வயது ஆகி, பத்தாம் வகுப்பும் தேறியிருந்தால் பயிற்சிக்கு அனுப்புங்கள். பாஸ்போர்ட் இல்லையே என்று தயங்க வேண்டாம். 2023 செப்டம்பரிலிருந்து வாக்காளர் அட்டை, ரேஷன் அட்டை போன்றவையே போதும்.