ஒரே தேவைக்காகத் தினமும் ஜெபிப்பது அவிசுவாசமா?

வேலைக்காக எட்டு மாதமாக ஒரே ஜெபத்தைச் செய்வது அவிசுவாசமோ என்று கேட்டிருக்கிறீர்கள். அல்ல. நீங்கள் ஒரே விண்ணப்பத்தை வைப்பதில் பிழையில்லை. பிடிபடுவதற்கு முன் கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே மூன்றாம் முறையும் அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்தார் (மத்தேயு 26:44), சோர்ந்துபோகாமல் ஜெபிக்கவேண்டும் என்பதற்காகவே நீதிபதியிடம் விடாமல் நியாயம் கேட்ட விதவையின் உவமையையும் சொன்னார் (லூக்கா 18).

உங்கள் குழப்பம், ஜெபிக்கும்போது வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள் என்ற மத்தேயு 6:7-இலிருந்து வந்திருக்கலாம். அங்கே கண்டிக்கப்படுவது திரும்பக் கேட்பது அன்று, அதிகம் பேசினால்தான் கேட்கப்படும் என்ற எண்ணம்; நான்கு வசனம் தள்ளி, அன்றன்றைய அப்பத்தைக் கேட்கவும் அவரே கற்றுக்கொடுக்கிறார்.

ஒரு வாரம், தேவையை ஒரே வாக்கியத்தில் சொல்லி நிறுத்திப் பாருங்கள். ஜெபம் சுருங்கிவிட்டதே என்று பயம் எழுந்தால், நம்பிக்கை பிதாவின்மேல் அல்ல, சொற்களின் அளவின்மேல் நிற்கிறது.

ஆனால், கேட்டதே கிடைக்கும் என்று எவரும் உறுதி தரமுடியாது: தன் மாம்சத்திலுள்ள முள் என்று தான் சொன்ன துன்பம் நீங்கும்படி அப்போஸ்தலன் பவுல் மூன்றுதரம் வேண்டியும், கிருபை போதும் என்ற பதிலே வந்தது (2 கொரிந்தியர் 12). வேலைக்கு மனு அனுப்புவதையும் நிறுத்திவிடாதீர்கள்.