எழுத்தை எண்ணாக்கும்போது: பர்மா வாசகர்களின் கேள்விகள்

கேள்வி: ரங்கூனில் எங்கள் மளிகைக் கடை விலைப்பட்டியல் பர்மிய இலக்கங்களில் இருக்கிறது. பைத்தான் நிரல்மொழியில், எழுத்தை எண்ணாக்கும் இன்ட் (int) செயற்கூற்றைப் போட்டால் பெரும்பாலான வரிகள் எண்ணாகிவிடுகின்றன, சில வரிகளில் மட்டும் வேல்யூஎரர் (ValueError) என்ற பிழை வருகிறது. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

பதில்: வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, அதுதான் சிக்கலே. பர்மிய இலக்கத்தால் தகராறு இல்லை. எல்லா மொழி எழுத்துகளுக்கும் குறியீட்டு எண் தரும் யூனிகோடில் பதின்ம இலக்கமாக (0 முதல் 9 வரை) உள்ள எதையும் இன்ட் ஏற்கும். தட்டச்சு செய்தவர் சுழியத்துக்குப் பதில் ‘வ’ எழுத்தைப் போட்டிருப்பார். பர்மிய எழுத்தில் இரண்டுமே வட்டம்தான். சந்தேகமான வரியின் ஒவ்வொரு எழுத்தையும், அதன் குறியீட்டு எண்ணைச் சொல்லும் ஆர்ட் (ord) கொண்டு பாருங்கள். சுழியம் 4160 என்று வரும், ‘வ’ 4125 என்று வரும். ஏழுக்கும் இதே கதை: இலக்கம் 4167, அதே சாயலில் இருக்கும் ‘ர’ எழுத்து 4123. விலை மட்டுமே வரும் பத்தி என்பதால் இந்த இரண்டு எழுத்துகளையும் முதலில் இலக்கமாக மாற்றிவிட்டு, அப்புறம் இன்ட் போடுங்கள். பெயர்ப் பத்தியில் மட்டும் கை வைக்காதீர்கள். பிழை வந்ததற்கு வருத்தப்படவும் வேண்டாம். அது வராமல் போயிருந்தால் தப்பான விலை பில்லில் ஏறியிருக்கும்.

கேள்வி: அதே பட்டியலை ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் நம்பர் (Number) கொண்டு படித்தால் எல்லாமே NaN, அதாவது ‘எண் அல்ல’ என்று வருகிறதே?

பதில்: ஜாவாஸ்கிரிப்டின் நம்பர் செயற்கூறு பர்மிய இலக்கங்களை அறியாது. ஒவ்வொரு இலக்கத்தின் குறியீட்டிலிருந்தும் 4160ஐக் கழித்தால் 0 முதல் 9 வரை கிடைக்கும். அவற்றைச் சேர்த்து மாற்றுங்கள்.

கேள்வி: ஜாவாஸ்கிரிப்டில் ‘12,500’ கியாட் (பர்மிய நாணயம்) என்ற விலை 12 ஆகிவிட்டது. காலியான கட்டம் 0 ஆகிவிட்டது.

பதில்: எழுத்தை எண்ணாக்கும் இன்னொரு செயற்கூறான பார்ஸ்இன்ட் (parseInt) காற்புள்ளியைக் கண்டதும் நின்றுவிடும், எதுவும் சொல்லாது. காற்புள்ளியை நீக்கிவிட்டு நம்பர் கொண்டு மாற்றுங்கள். ஆனால் நம்பருக்குக் காலி எழுத்துச் சரமும் 0தான். ஆகவே காலியா என்று முதலில் பார்க்க வேண்டும். விலை தெரியாத சரக்கை இலவசம் என்று காட்டும் நிரலை நான் ஒருபோதும் கடைக்குக் கொடுக்க மாட்டேன்.

கேள்வி: வாடிக்கையாளர்களின் கைப்பேசி எண்களில் முன்னால் இருந்த 0 காணாமல் போய்விட்டது.

பதில்: 09 என்று தொடங்குவதை எண்ணாக்கவே கூடாது. கூட்டிக் கழிக்காத எதுவும் எழுத்தாகவே இருக்கட்டும்.

கேள்வி: தாத்தாவின் பேரேட்டை ஏற்றுகிறேன். ‘௧௨௫’ சரியாக மாறுகிறது, ‘௱௨௰௫’ மாறவில்லை. இரண்டும் 125 தானே?

பதில்: ஆமாம், இரண்டும் 125தான். ஆனால் ௰, ௱, ௲ மூன்றும் யூனிகோடில் பதின்ம இலக்கங்கள் அல்ல, எண் மதிப்புள்ள குறிகள். நீங்களே சிறு செயற்கூறு எழுத வேண்டும். இடமிருந்து வலமாகப் போங்கள். ௰ அல்லது ௱ வந்தால் முன்னுள்ள இலக்கத்தால் பெருக்கிக் கூட்டுங்கள், முன்னால் இலக்கம் இல்லையென்றால் 1 என்று கொள்ளுங்கள். ௲ வந்தால் முன்னுள்ள இலக்கத்தையும் சேர்த்து அதுவரை சேர்ந்த தொகை முழுவதையும் ஆயிரத்தால் பெருக்குங்கள். தொகை ஏதும் இல்லையென்றால் இங்கும் 1தான். கடைசியில் மிஞ்சும் இலக்கத்தை அப்படியே கூட்டுங்கள். ‘௨௲௩௱௪௰௫’ கொடுத்து 2345 வருகிறதா என்று சோதியுங்கள்.