விமானி ஆக முடியாது என்கிறார்கள், அப்புறம்?

அன்புள்ள அம்மா,

ஒரு காது சரியாகக் கேட்காததால் உங்கள் மகளுக்கு விமானி மருத்துவச் சோதனையில் தகுதி இல்லை என்று எழுதிவிட்டார்கள், பிள்ளை மூன்று நாளாகச் சாப்பிடவில்லை என்றீர்கள். மேல்முறையீட்டுக்கு வழி இருக்கிறது. நல்ல காது மருத்துவரிடம் காட்டி, ஆடியோகிராம் (காது எவ்வளவு கேட்கிறது என்று அளக்கும் சோதனை) எடுத்துக்கொண்டு முயன்று பாருங்கள். அது கைகூடாமல் போனாலும் வானம் அவளுக்கு இல்லை என்று ஆகிவிடாது.

அமெரிக்காவின் சார்லஸ் கமானுக்கும் ஒரு காது கேட்காது. விமானி ஆகும் ஆசையை அதனால்தான் விட்டார். விமானப் பொறியியல் படித்து, 1945-இல் தம் 26-ஆவது வயதில், நண்பர்கள் தந்த 2,000 டாலரோடு அம்மா வீட்டு கேரேஜில் ஹெலிகாப்டர் நிறுவனம் தொடங்கினார். சுழலும் இறக்கையின் பின்விளிம்பில் சின்ன மடல் ஒன்றைப் பொருத்தினார். அந்த மடலை லேசாகத் திருப்பினால் போதும், காற்றே இறக்கையை முறுக்கிவிடும். விமானி மல்லுக்கட்ட வேண்டியதில்லை. டர்பைன் எஞ்சினில் பறந்த முதல் ஹெலிகாப்டரும் அவருடையதுதான், 1951-இல்.

எனக்கு மிகவும் பிடித்தது அதற்குப் பிறகு நடந்தது. கமான் நன்றாகக் கிட்டார் வாசிப்பார். ஹெலிகாப்டரில் அதிர்வை அடக்கப் பாடுபட்ட பொறியாளர்களை வைத்துக்கொண்டே, அதிர்வை நன்றாக ஒலிக்கவிடும் கிட்டாரை 1966-இல் கொண்டுவந்தார். ஓவேஷன் என்று பெயர். அதன் முதுகு தட்டையான மரப்பலகை இல்லை; கண்ணாடியிழையில் வார்த்த, கிண்ணம்போல் வளைந்த ஓடு. பார்வையற்றவர்களுக்கு வழிகாட்ட ஜெர்மன் ஷெப்பர்டு நாய்களைப் பழக்கும் அறக்கட்டளையையும் மனைவியோடு சேர்ந்து நிறுவினார். 2011-இல், 91 வயதில் இறந்தார்.

சரி, உங்கள் மகள் என்ன செய்யலாம்? கணக்கும் இயற்பியலும் நன்றாக வருகிறது என்றீர்கள். ஏரோநாட்டிக்கல் எடுக்கலாம்; ஆனால் வேலைவாய்ப்பு விரிவாக இருப்பதால் நான் மெக்கானிக்கலைத்தான் முதலில் சொல்வேன். எதை எடுத்தாலும் அதிர்வியலையும், கண்ணாடியிழை போன்ற கலப்புப் பொருள்களையும் (காம்போசிட்) ஊன்றிப் படிக்கட்டும். பிறகு பொறியியல் மேற்படிப்புக்கான கேட் (GATE) நுழைவுத் தேர்வு எழுதி ஏரோஸ்பேஸ் பொறியியலில் மேற்படிப்புக்குப் போகலாம். விமானங்கள் தயாரிக்கும் அரசு நிறுவனமான பெங்களூரு எச்ஏஎல்லில் ஹெலிகாப்டர் வடிவமைப்புக்கென்றே தனி மையம் இருக்கிறது.

இந்த வாரம் கல்லூரிப் பேச்சை எடுக்காதீர்கள். முதலில் பிள்ளை சாப்பிடட்டும். ஞாயிற்றுக்கிழமை அழைத்து வாருங்கள், நானே அவளிடம் பேசுகிறேன்.