சைக்கிள் கேள்வி–பதில்: அயர்லாந்தின் மலைச்சாலைகளும் கடலோர வழிகளும்

கேள்வி: வாரந்தோறும் பீனிக்ஸ் பார்க்கில் 50 கி.மீ. ஓட்டுகிறேன். முதல் மலைப் பயணமாக மிலிட்டரி ரோடு வழியே கிளென்டலாக் போக ஆசை. ஒரே நாளில் முடியுமா?
— வாசகர், டப்ளின்

முடியும். ஆனால் பூங்காவில் ஓட்டும் வேகத்தை வைத்து நேரத்தைக் கணக்குப் போடாதீர்கள். மிலிட்டரி ரோடு எனப்படும் ஆர் 115 சாலையில், ராத்ஃபார்னமில் தொடங்கி கிளென்டலாக்கை ஒட்டிய லாரா கிராமம் வரை சுமார் 40 கி.மீ. தூரத்தைப் பார்த்தால் இரண்டு மணி நேர வேலை என்று தோன்றும். முதல்முறை போகிறவருக்கு மூன்று, மூன்றரை மணி நேரம் ஆகும்.

இந்தச் சாலை ஏன் இப்படி இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் தயாராவது எளிது. பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1798 கிளர்ச்சி ஒடுக்கப்பட்ட பிறகும் கிளர்ச்சித் தலைவர் மைக்கேல் டுவையரும் அவருடைய ஆட்களும் விக்லோ மலைகளில் பதுங்கியிருந்தார்கள். அவர்களைத் தேடிப் படை போவதற்காகவே 1800-ல் தொடங்கி 1809-ல் இதைப் போட்டு முடித்தார்கள். டுவையர் 1803 டிசம்பரிலேயே சரணடைந்துவிட்டார். ஊர்களை இணைக்கப் போட்ட சாலை அல்ல என்பதால் வழியில் ஊர்களும் இல்லை. கிளென்க்ரீயைத் தாண்டினால் லாரா வரை கடை கிடையாது, தண்ணீர்க் குழாய் கிடையாது, ஒதுங்க மரம்கூட அரிது. 750 மி.லி. பாட்டில் இரண்டு, சாப்பிட மூன்று நான்கு துண்டு ஏதாவது, இவ்வளவையும் டப்ளினிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் ஏற்றம் ஸ்டாக்கிங் லேன். வீடுகள் முடியும் இடத்தில் சாலை சட்டென்று நிமிரும். அங்கே வேகம் காட்டுகிறவர்கள்தான் பிற்பாடு சாலி கேப் கணவாயில் உட்கார்ந்துவிடுகிறார்கள். பேச்சு வரும் அளவுக்கு மூச்சு இருக்கும்படி ஏறுங்கள். கியர் பல்சக்கரத்தில் முன்பக்கம் 34 பல், பின்பக்கம் குறைந்தது 32 பல் இருந்தால் எழுந்து நிற்காமலே ஏறிவிடலாம். கிளென்க்ரீக்கு இறங்கிய பின் லாக் ப்ரே ஏரிகளை ஒட்டி இரண்டாவது ஏற்றம். அதன்பின் சதுப்பு நிலம். அடியில் மண் அமுங்கிக்கொண்டே இருப்பதால் தார் அலை அலையாக வளைந்திருக்கும், ஓரங்கள் சரிந்திருக்கும். விளிம்பை ஒட்டி ஓட்டாமல் ஒரு மீட்டர் உள்ளே வாருங்கள்.

சாலி கேப் சுமார் 500 மீட்டர் உயரம். நகரத்தைவிட மூன்று, நான்கு டிகிரி குளிர் அதிகம். அதோடு நனைந்த சட்டையில் இறக்கத்தின் காற்றும் பட்டால் விரல் மரத்து பிரேக் பிடிக்க வராது. காற்றுத்தடுப்பு மேல்சட்டையை உச்சியிலேயே போட்டுக்கொள்ளுங்கள். பாதி இறக்கத்தில் நின்று போடுவது தாமதம். கிளென்மக்நாஸ் அருவியருகே சாலை வளைந்து செங்குத்தாக இறங்கும். அந்த வளைவில் ஆடுகள் நடுச்சாலையில் படுத்திருப்பது அன்றாடம். ஒரு ஆடு கடந்தால் அதன் குட்டியும் பின்னால் ஓடிவரும் என்று எண்ணியே பிரேக்கைத் தயாராக வையுங்கள்.

கிளென்டலாக்கில் 30 மீட்டர் உயர வட்டக் கோபுரத்தின் வாசலைப் பாருங்கள். தரையிலிருந்து சுமார் மூன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. திரும்ப அதே மலையில் ஏற வேண்டாம். லாராவிலிருந்து ஆர் 755-ல் ரவுண்ட்வுட், கில்மகனோக் வழியாகப் ப்ரே நிலையத்தை அடைந்து டார்ட் ரயில் பிடியுங்கள். எல்லாம் சேர்த்து சுமார் 75 கி.மீ., ஆயிரம் மீட்டரை ஒட்டிய ஏற்றம். வார நாட்களில் நெரிசல் நேரத்தில் டார்ட்டில் முழு அளவு சைக்கிளை ஏற்ற விடமாட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை உத்தமம்.

கேள்வி: கெர்ரிக்கு ஜூலையில் ஒரு வாரம் போகிறோம். ரிங் ஆஃப் கெர்ரியை எந்தத் திசையில் சுற்றுவது?
— வாசகி, கார்க்

ஜூலையில் அதை விட்டுவிடுங்கள் என்பதே எங்கள் பதில். 179 கி.மீ. சுற்றில் பெரும்பகுதி என் 70 என்ற தேசிய சாலை. கில்லார்னியிலிருந்து சுற்றுலாப் பேருந்துகள் வரிசையாக இடஞ்சுழியாகக் கிளம்பும். அதே திசையில் போனால் பின்னாலிருந்து நெருக்கும். எதிர்த்திசையில் போனால் குறுகிய வளைவுகளில் முகத்துக்கு நேராக வரும். கண்ணுக்குக் குளிர்ச்சியான அந்தக் கடற்கரையைப் பேருந்தின் முதுகைப் பார்த்துக்கொண்டே கழிப்பதில் என்ன பயன்?

பதிலாக இரண்டு வழிகள். ஒன்று, டிங்கிளிலிருந்து ஸ்லே ஹெட் சுற்று, 50 கி.மீ.க்குள் முடியும். இதை வலஞ்சுழியாகத்தான் போக வேண்டும். வாகனங்களும் அப்படியே போவதால் குறுகிய இடத்தில் எதிர்ப்படும் வண்டி குறைவு. இடதுபுறம் ஓட்டும் நாடு என்பதால் கடல் உங்கள் பக்கமே இருக்கும். அங்கே பெரும்பாலும் தென்மேற்குக் காற்று. கால் சோராமல் இருக்கும் முதல் பாதியிலேயே எதிர்க்காற்றைத் தாண்டிவிட்டால் திரும்பும்போது அது முதுகில் தள்ளும். ஸ்லே ஹெட்டுக்குச் சற்று முன் ஓர் ஓடை நம்மூர்த் தரைப்பாலம் போலச் சாலைக்கு மேலேயே ஓடுகிறது. கல்லில் பாசி இருக்கும். ஹேண்டிலைத் திருப்பாமல், பிரேக் தொடாமல், நேராகக் கடந்துசெல்லுங்கள். மழைக்குப் பின் என்றால் இறங்கித் தள்ளுங்கள். கடைசிப் பகுதியில் காலரஸ் பிரார்த்தனைக் கூடம். சுண்ணாம்புச் சாந்தே இல்லாமல் அடுக்கிய கற்களை வெளிப்பக்கம் லேசாகச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். மழைநீர் உள்ளே இறங்காமல் வழிந்துவிடுகிறது.

மற்றொன்று பேரா தீபகற்பத்தின் ஹீலி கணவாய். 1847-ல், பெரும் பஞ்சத்தின் நடுவே நிவாரண வேலையாகத் தொடங்கிய சாலை. ஐரிஷ் சுதந்திர நாட்டின் முதல் கவர்னர் ஜெனரல் டிமதி ஹீலியின் பெயரைப் பிற்பாடு பெற்றது. ஆட்ரிகோலில் தொடங்கினால் கொண்டை ஊசி வளைவுகள் ஏற்றத்தில் வரும். சாய்வு மிதமானதுதான், நிதானமாகச் சுற்றிச் சுற்றி ஏறலாம். உச்சியைக் கடந்தால் கெர்ரி மாவட்டம், கீழே கிளன்மோர் ஏரி.

டிங்கிளுக்கு வடக்கே உள்ள கானர் பாஸ் கணவாய்க்குப் போனால் வடக்கிலிருந்து ஏறி டிங்கிள் பக்கம் இறங்குங்கள். வடபக்கம் ஒரு வண்டி மட்டும் போகும் அகலம், பாறை சாலைமேல் துருத்திக்கொண்டிருக்கும். ஈரத்தில் அங்கே இறங்குவது புதியவர்களுக்கு ஆகாது.

கேள்வி: அக்டோபர், நவம்பரில் மட்டும் அடிக்கடி பஞ்சர். கை வேறு மரத்துப்போகிறது. 25 மி.மீ. டயர், 100 பிஎஸ்ஐ காற்று. டயரை மாற்றினால் போதுமா?
— வாசகர், மீத்

டயர் பாதிக் காரணம். மீதி உயிர்வேலி. மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை, பறவைகள் கூடு கட்டும் காலம் என்று வேலி வெட்டச் சட்டம் தடை விதிக்கிறது. செப்டம்பர் பிறந்ததும் டிராக்டரில் பூட்டிய வெட்டுக்கருவியால் ஒரேயடியாக அடித்துத் தள்ளுவார்கள். ஹாதார்ன், பிளாக்தார்ன் முட்கள் சில்லுசில்லாகச் சாலையில் கிடக்கும். புதிதாக வெட்டிய வேலி வெளுப்பாகத் தெரியும். அதைக் கண்டதும் சாலை நடுவுக்கு நகருங்கள், வேண்டுமானால் அந்தத் துண்டை நடந்தே கடந்துசெல்லுங்கள்.

பஞ்சரானால் டியூபை மட்டும் மாற்றிவிட்டுக் கிளம்புவதால்தான் அடுத்த பஞ்சர் பத்து நிமிடத்தில் வருகிறது. முள்ளின் நுனி ரப்பருக்குள் முறிந்து நிற்கும்; வெளியே கண்ணுக்குத் தெரியாது. டியூபைக் கழற்றும்போது எந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று நினைவில் வையுங்கள். காற்றடித்து ஓட்டையைக் கண்டு, வால்விலிருந்து அது எவ்வளவு தூரம் என்று பார்த்து, டயரில் அதே தூரத்தில் தேடுங்கள். டயரை உள்பக்கம் வெளியே வரும்படி மடித்துப் பருத்தித் துணியால் மெல்லத் துடைத்தால் நூல் சிக்கும் இடத்தில் முள் இருக்கிறது. ஊசியால் உள்ளிருந்து வெளியே தள்ளி எடுங்கள். விரலால் தடவ வேண்டாம், நகக்கண்ணில் ஏறிவிடும். இரண்டு ஓட்டைகள் அருகருகே இருந்தால் முள் அல்ல. காற்று குறைவாக இருந்து ரிம் கடித்தது. ரிம்மைப் பார்த்த பக்கம் ஓட்டை என்றால் ரிம் டேப்பை மாற்றுங்கள்.

கை மரப்பதற்குக் காரணம் சாலையின் தோல். கிராமச் சாலைகளில் தாரைத் தெளித்து மேலே சிறு ஜல்லியைத் தூவி உருட்டுவதே வழக்கம். 100 பிஎஸ்ஐ டயர் ஒவ்வொரு ஜல்லியிலும் துள்ளுகிறது, அந்தத் துள்ளலில்தான் உங்கள் உழைப்பும் போகிறது. சைக்கிள் சட்டகத்தில் இடமிருந்தால் 32 மி.மீ., இல்லையேல் 28. உங்கள் எடை 75 கிலோவை ஒட்டியது என்றால் 28-க்கு முன்னே 60, பின்னே 65 முதல் 70. 32-க்கு முன்னே 50, பின்னே 55. டயர் ஓரத்தில் அச்சிட்டிருப்பது உச்ச வரம்பு, பரிந்துரை அல்ல. டியூப் இல்லாத டயருக்கு மாறினால் முள் ஓட்டைகளை உள்ளிருக்கும் திரவமே அடைத்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரவத்தை நிரப்ப மறந்தால் அது காய்ந்து பயனற்றுப் போகும்.

கேள்வி: ஊரிலிருந்து வரும் 62 வயது அப்பாவோடு ஓட்ட, மேடில்லாத வழி?
— வாசகர், கில்கென்னி

வாட்டர்ஃபோர்ட் கிரீன்வே. பழைய ரயில் பாதை என்பதால் சாய்வு தெரியாது, மோட்டார் வண்டியும் இல்லை. டங்கார்வன் வரை 46 கி.மீ., முழுக்கத் தார். டங்கார்வனில் தொடங்கி வாட்டர்ஃபோர்ட் நோக்கி வந்தால் காற்று துணை. அப்பாவுக்கு 46 அதிகம் என்றால் டங்கார்வனிலிருந்து கில்மக்தாமஸ் வரை போதும். கடல், உயர்ந்த கல் பாலங்கள், 400 மீட்டர் பாலிவாயில் சுரங்கம் எல்லாம் அதிலேயே வந்துவிடும். சுரங்கத்துக்குள் கூரை சொட்டும், ஈரம் இருக்கும். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு விளக்கைப் போட்டு நுழையச் சொல்லுங்கள்.

கேள்வி: நியூகிரேஞ்சுக்குச் சைக்கிளில் நேராகப் போய்விடலாமா?
— வாசகி, ஸ்வோர்ட்ஸ்

நியூகிரேஞ்ச் பழங்காலக் கல்லறையின் வாசல் வரை போக முடியாது. பாய்ன் ஆற்றின் தென்கரையிலுள்ள ப்ரூ நா போயின் பார்வையாளர் மையத்தில் சைக்கிளைப் பூட்டிவிட்டு அவர்களுடைய பேருந்தில்தான் போக வேண்டும். கோடையில் முன்பதிவு இல்லாமல் கிளம்பாதீர்கள். டப்ளினிலிருந்து ட்ராஹடா வரை ரயில், அங்கிருந்து ஆற்றோரக் கிரீன்வேயில் 1690 பாய்ன் போர் நடந்த ஓல்ட்பிரிட்ஜ், பிறகு டோனோர் பக்கத்துச் சிறு சாலைகள். வரைபடச் செயலி என் 51 வழியாக அனுப்பினால் கேட்காதீர்கள், வேக வாகனங்களுக்கு ஒதுங்க இடமில்லை. ஸ்லேன் பாலத்துக்கு இறங்கும் என் 2 சரிவும் அப்படித்தான்.

பொதுவாகவே சாலை எண்ணின் முதல் எழுத்தைப் பாருங்கள். எல் என்றால் உள்ளூர்ச் சாலை. 2025 பிப்ரவரியிலிருந்து ஊருக்கு வெளியே உள்ள இந்தச் சாலைகளில் பொது வேக வரம்பு 60 கி.மீ. நடுவில் புல் முளைத்திருக்கும், சைக்கிளுக்கு அதுவே நல்ல சகுனம்.

கேள்வி: கார்லிங்ஃபோர்டிலிருந்து நியூரிக்கு ஓட்டலாமா? இந்திய பாஸ்போர்ட்.
— வாசகர், டன்டாக்

எல்லையில் சாவடி இல்லை, ஆனால் நியூரி பிரிட்டனைச் சேர்ந்த வட அயர்லாந்தில் இருக்கிறது. அயர்லாந்தில் வசிக்கும் அனுமதி இருப்பது மட்டும் போதாது, பிரிட்டன் விசாவும் வேண்டும். சுற்றுலாவுக்கு வரும் உறவினரின் ஐரிஷ் விசாவில் ‘பிஐவிஎஸ்’ (பிரிட்டிஷ்–ஐரிஷ் விசா திட்டம்) என்ற குறிப்பு இருந்தால் அதே விசாவில் அவர்கள் கடக்கலாம். நேராக முதலில் அயர்லாந்துக்கு வந்திருக்க வேண்டும். எல்லை தாண்டியதும் வேகப் பலகைகள் மைல் கணக்குக்கு மாறிவிடும். 30 என்று எழுதியிருந்தால் அது 48 கி.மீ.