கேபிள் தொடாத தண்டில் மின்னோட்டம்: யாகி ஆன்டெனா கேள்வி பதில்

யாகி என்பது உலோகத் தண்டுகளை இணையாக வரிசையில் அடுக்கிய, ஒரு திசையை நோக்கும் ஆன்டெனா. கேபிள் இணைவது ஒரு தண்டில் மட்டும்; அதன் பின்னால் நிற்பது ரிஃப்ளெக்டர், முன்னால் நிற்பவை டைரக்டர்கள். வந்திருக்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் தண்டுகளின் நீளத்தையும் இடைவெளியையும் பற்றியவை. என்னைக் கேட்டால், முதலில் கேட்க வேண்டியது வேறு: எந்தத் தண்டில் எவ்வளவு மின்னோட்டம், எந்தக் கட்டத்தில் (அதாவது அதன் ஏற்ற இறக்கம் மற்றதைவிட எத்தனை பாகை முந்தி அல்லது பிந்தி) ஓடுகிறது? நீளமும் இடைவெளியும் அந்த மின்னோட்டத்தை வரவழைக்கும் வழிகள்தான்.

கேள்வி: ரிஃப்ளெக்டரில் கேபிள் எதுவும் இணைக்கப்படவில்லையே, அதில் மின்னோட்டம் எப்படி வருகிறது ஐயா? அது கண்ணாடி மாதிரி அலையைத் திருப்பி அனுப்புகிறது என்றுதான் படித்தேன்.

கண்ணாடி உவமையை விட்டுவிடுங்கள். விரல் பருமனுள்ள ஒரு குழாய், இருபது மீட்டர் அலைக்கு என்ன கண்ணாடியாகிவிட முடியும்? கேபிள் இணைந்த தண்டில் ஓடும் மின்னோட்டம், பக்கத்துத் தண்டில் மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. அதனால் அங்கும் மின்னோட்டம் ஓடுகிறது. ஓடினால் அதுவும் அலையை வீசத்தானே செய்யும்? இரண்டு தண்டுகளின் அலைகளும் முன்பக்கம் கூடுகின்றன, பின்பக்கம் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. 1926இல் ஜப்பானின் டோஹோக்கு பல்கலைக்கழகத்தில் ஷின்டாரோ உடாவும் ஹிடெட்சுகு யாகியும் வெளியிட்டது இதைத்தான். பாவம், உடாவின் பெயர் பேச்சுவழக்கில் உதிர்ந்துவிட்டது.

கேள்வி: ரிஃப்ளெக்டர் எவ்வளவு நீளமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லதா?

இல்லை. கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம். இரண்டு தண்டுகள், இடைவெளி கால் அலைநீளம். பின்பக்கம் முழுமையாக அழிய, ரிஃப்ளெக்டரின் மின்னோட்டம் முதல் தண்டுக்குச் சமமாகவும் கட்டத்தில் 90 பாகை முந்தியும் இருக்க வேண்டும்.

சரியாக அரை அலைநீளமுள்ள மெல்லிய தண்டின் இம்பீடன்ஸ், அதாவது மாறுமின்னோட்டத்துக்கு அது காட்டும் மொத்த எதிர்ப்பு, 73 ஓம் மின்தடையும் 42.5 ஓம் தூண்டல் மின்மறுப்பும் (கட்டத்தை நகர்த்தும் எதிர்ப்பு) சேர்ந்தது. அதை ரிஃப்ளெக்டராக வைத்தால், அதில் முதல் தண்டின் மின்னோட்டத்தைப் போல் 0.59 பங்கு ஓடும். கட்டம் 115 பாகை முந்தியிருக்கும். முன்பின் விகிதம், அதாவது முன்பக்க சிக்னல் பின்பக்கத்தைவிட எவ்வளவு பலம் என்பது, ஏறக்குறைய 9 டெசிபல். கட்டம் 25 பாகை தள்ளியிருக்கிறதே என்று ரிஃப்ளெக்டரை இன்னும் நீட்டி, மின்மறுப்பை 100 ஓமுக்குக் கொண்டுபோகிறீர்கள் என்று வையுங்கள். கட்டம் 91 பாகைக்கு வந்துவிடும். அடடா என்று மகிழ்வதற்குள் மின்னோட்டம் 0.4 பங்காகச் சுருங்கிவிடும். விகிதமும் சுமார் 7 டெசிபலுக்கு இறங்கும். கட்டம் சரியானது, அழிக்க ஆள் போதவில்லை.

நம் கையில் இருப்பது நீளம் என்ற ஒரே திருகு. அதைத் திருப்பினால் அளவு, கட்டம் இரண்டும் சேர்ந்தே நகரும். இடைவெளியை மாற்றுவதும் டைரக்டர்களைச் சேர்ப்பதும் இந்தப் பிணைப்பிலிருந்து கொஞ்சம் விடுபடத்தான்.

கேள்வி: தண்டுகளை உலோக பூமில் (அவற்றைத் தாங்கும் நடுக்குழாயில்) நேரடியாகப் பொருத்தலாமா?

நடுவில் பிளக்காத தண்டு என்றால் பொருத்தலாம். நடுப்புள்ளியில் மின்னோட்டம் உச்சம், மின்னழுத்தம் பூஜ்யம். ஆகவே அங்கே உலோகம் தொட்டாலும் மின்னோட்டத்துக்கு பூமின் பக்கம் திரும்ப வேலையில்லை. ஆனால் பூம் ஊடே போகும்போது தண்டு மின்னளவில் சற்றுக் குட்டையாகிவிடும். 144 மெகாஹெர்ட்ஸில் இது உறைக்கும்; அதற்கேற்பத் தண்டை நீட்டி வெட்டுங்கள்.

கேள்வி: 100 வாட்டுக்கு எவ்வளவு ஆம்பியர் ஓடும்? மெல்லிய அலுமினியக் குழாய் தாங்குமா?

தனி டைபோலின், அதாவது நடுவில் கேபிள் இணைந்த ஒற்றை அரை அலைநீளத் தண்டின் நடுவில், 73 ஓம் என்றால், சுமார் 1.2 ஆம்பியர். தண்டுகள் நெருங்கிய யாகியில் ஊட்டுமுனை (கேபிள் இணையும் இடம்) மின்தடை 25 ஓமுக்கு இறங்குவது சகஜம். அங்கே 2 ஆம்பியர். குழாய் தாராளமாகத் தாங்கும். 14 மெகாஹெர்ட்ஸில் மின்னோட்டம் அலுமினியத்தின் மேற்பரப்பில் சுமார் 22 மைக்ரான் ஆழத்துக்குள்ளேயே பெரும்பாலும் அடங்கிவிடுகிறது, குழாய்ச் சுவரின் தடிமன் இதற்குப் பொருட்டே இல்லை. நான் கவலைப்படுவது இணைப்புகளைப் பற்றித்தான்.

கேள்வி: எஸ்டபிள்யூஆர் (கேபிளும் ஆன்டெனாவும் எவ்வளவு பொருந்துகின்றன என்ற அளவு; 1 என்றால் முழுப் பொருத்தம்) 1.5க்குள்தான் இருக்கிறது. ஆனால் ஆன்டெனாவை எந்தப் பக்கம் திருப்பினாலும் சிக்னல் ஒரே மாதிரி வருகிறது. ஏன்?

இதே நோய் என் ஆன்டெனாவுக்கும் வந்தது. ஒரு மழைக்காலம் முடிந்தபின் திசையே தெரியாமல் போயிற்று. எஸ்டபிள்யூஆர் 1.3இலிருந்து 1.6க்கு ஏறியதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கேபிளை மாற்றினேன், சுழற்றியைச் சந்தேகித்தேன், இரண்டு வாரம் வீண். கடைசியில் இறக்கிப் பார்த்தால், ரிஃப்ளெக்டரின் இரண்டு பாதிகளை நடுவில் சேர்க்கும் உள்குழாயில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. மின்னோட்டம் உச்சமாக ஓட வேண்டிய இடம் அது! அங்கே தொடர்பு அறுந்தால் அது அரை அலைநீளத் தண்டு அல்ல, அருகருகே கிடக்கும் இரண்டு கால் அலைநீளத் துண்டுகள்; ஆன்டெனா அவற்றைக் கண்டுகொள்வதே இல்லை. மணல்தாளால் தேய்த்து, கடத்தும் பசை தடவி, திருகை இறுக்கினேன். திசை திரும்பி வந்தது.

எஸ்டபிள்யூஆர் மீட்டர் கேபிள் வாயில் நடப்பதை மட்டுமே சொல்லும். தண்டுக்குள் பார்க்க, பிளவுபட்ட ஃபெரைட் வளையம் ஒன்றில் பத்துச் சுற்று மெல்லிய கம்பி சுற்றி, 50 ஓம் மின்தடையும் டயோடும் சிறு மீட்டரும் சேருங்கள். அதைத் தண்டில் மாட்டி, எட்ட நின்று, ஓரிரு வாட் மட்டும் அனுப்புங்கள். வளையத்தை நகர்த்தும் ஒவ்வொரு முறையும் அனுப்புவதை நிறுத்திவிடுங்கள். நடுவிலிருந்து முனை நோக்கிப் போகப் போக முள் சைன் வளைவாகச் சரிந்து, முனையில் படுத்துவிட வேண்டும். நடுவிலேயே படுத்துக் கிடந்தால் ஸ்பேனரை எடுங்கள்.

கேள்வி: 7.1 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீள இடைவெளியில் இரண்டு செங்குத்து ஆன்டெனாக்கள் வைத்தேன். 90 பாகைத் தாமதத்துக்காக ஒன்றின் கேபிளைக் கால் அலைநீளம் கூடுதலாக விட்டேன். பின்பக்கம் அழியவே இல்லை.

அழியாது. கேபிளின் நீளமும் கட்டத் தாமதமும் ஒன்றாக இருப்பது, மறுமுனையில் கேபிளின் இம்பீடன்ஸுக்கு இணையான சுமை இருந்தால் மட்டுமே. உங்கள் ஆன்டெனாக்கள் ஒன்றையொன்று தூண்டுகின்றன. தனியாக 36 ஓம் காட்டும் இரண்டும், நீங்கள் விரும்பும் மின்னோட்டங்கள் ஓடும்போது வேறு முகம் காட்டும்: கட்டத்தில் முந்தும் ஆன்டெனாவில் சுமார் 22 ஓம் மின்தடையும் 20 ஓம் மின்தேக்கி மின்மறுப்பும், பிந்துவதில் சுமார் 51 ஓம் மின்தடையும் 20 ஓம் தூண்டல் மின்மறுப்பும். மின்னோட்டம் சமம் என்றால் திறன் சமமில்லை: 100 வாட்டில் முந்துவதற்கு 30, பிந்துவதற்கு 70. திறனைச் சரிபாதியாகப் பிரிக்கும் பெட்டியை வாங்கி மாட்டியவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

வழி இருக்கிறது. கால் அலைநீளக் கேபிளின் கடைமுனை மின்னோட்டம், தொடக்கத்தில் உள்ள மின்னழுத்தத்தையும் கேபிளின் இம்பீடன்ஸையும் மட்டுமே பொறுத்தது. சுமை எதுவானாலும் மாறாது. எனவே இரண்டு ஆன்டெனாக்களுக்கும் தனித்தனியே மின்னளவில் கால் அலைநீளக் கேபிள் விடுங்கள். வேகக் காரணி (கேபிளுக்குள் அலையின் வேகம், வெட்டவெளி வேகத்தில் எத்தனை பங்கு என்பது) 0.66 என்றால் ஒவ்வொன்றும் 6.97 மீட்டர். தொடக்க முனைகளில் ஒரு சுருளும் ஒரு மின்தேக்கியும் சேர்ந்த வலையமைப்பால் 90 பாகை வேறுபாட்டைக் கொடுங்கள். யாகியில் கிடைக்காத இரண்டாவது திருகு இது: அளவும் கட்டமும் தனித்தனியே உங்கள் கையில்.

கேள்வி: ஊட்டுமுனையில் சோக் (கேபிளின் வெளியுறையில் மின்னோட்டம் ஓடாமல் தடுப்பது) அவசியமா?

அவசியம். இல்லாவிட்டால் கேபிளின் வெளியுறையும் ஒரு தண்டாகிவிடும், அதுவும் நீங்கள் நீளம் தீர்மானிக்காத தண்டு. மேலே சொன்ன வளையத்தைக் கேபிளின் மேல் மாட்டிப் பாருங்கள். முள் அசைந்தால், கேபிளை இன்னும் சில ஃபெரைட் வளையங்களுக்குள் விட்டுச் சுற்றி, மறுபடி அளந்து பாருங்கள்.