சீட்டுப் பணம் 3 லட்சம்: கூடத்துக்கு ஓவியம் வாங்கலாமா?

கேள்வி: கும்பகோணத்தில் வீடு கட்டிக் குடிவந்து எட்டு மாதம் ஆகிறது. கணவன், மனைவி இருவர் சம்பளமும் சேர்ந்து கைக்கு மாதம் 1.10 லட்சம் வருகிறது. வீட்டுக்கடன் தவணை 31,000, வீட்டுச் செலவு 38,000. கூட்டுறவு வங்கியில் 1.6 லட்சம் நகைக்கடன் இருக்கிறது. அவசரத்துக்கு 3.5 லட்சம் வைப்பில் உள்ளது. இப்போது சீட்டு முடிந்து 3 லட்சம் வந்திருக்கிறது. கூடத்தில் மாட்ட நல்ல உருவ ஓவியம் ஒன்று வாங்க ஆசை. சென்னை கேலரி ஒன்றில் 4 அடிக்கு 3 அடி ஓவியத்துக்கு 2.4 லட்சம் சொல்கிறார்கள். ஐந்து வருஷத்தில் இரட்டிப்பாகுமாம். மாமனார், "அந்தக் காசுக்கு நகை எடுங்கள்" என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: ஓவியம் வாங்குங்கள். ஆனால் 2.4 லட்சத்துக்கு வேண்டாம், முதலீடு என்று நினைத்தும் வேண்டாம்.

மாமனார் சொல்வதில் பாதி சரி. தங்கத்தை நாளைக் காலையே அடகு வைத்துப் பணமாக்கலாம். ஓவியத்தை எந்த வங்கியும் வாங்கி வைத்துக்கொள்ளாது. ஆனால் உங்கள் நகை ஏற்கெனவே அடகில் இருக்கிறது. அதை மீட்பதுதான் உங்களுக்கு இப்போது நகை எடுப்பது. செய்கூலியும் இல்லை, சேதாரமும் இல்லை. முதலில் அந்த 1.6 லட்சத்தை அடைத்துவிடுங்கள். தவணையும் செலவும் சேர்த்து மாதம் 69,000 ஆகிறது. அவசர வைப்பில் ஆறு மாதச் செலவுக்கு, அதாவது 4.14 லட்சம் இருக்க வேண்டும். வைப்பில் குறைகிற 64,000-ஐப் போட்டு நிரப்புங்கள். மீதி 76,000. சட்டம் (ஃபிரேம்), வண்டிக்கூலி, மாட்டும் செலவுக்கு 12,000 முதல் 15,000 வரை ஒதுக்கினால், ஓவியத்துக்கு 60,000 நிற்கிறது.

இரட்டிப்புக் கணக்கைப் பார்ப்போம். ஐந்து வருஷம் கழித்து அது உண்மையிலேயே 4.8 லட்சத்துக்கு விலை போகிறது என்றே வையுங்கள். விற்றுக் கொடுக்கும் கேலரிக்குக் கமிஷன் 30 முதல் 50 சதவீதம் வரை போகும். 40 என்று எடுத்தால் உங்கள் கைக்கு 2.88 லட்சம். நகை தவிர்த்த வீட்டுச் சாமான்களை விற்றால் மூலதன ஆதாய வரி கிடையாது; ஓவியத்துக்கு அந்த விலக்கு இல்லை. 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் ஆதாயத்தில் 12.5 சதவீத வரி, அதன் மேல் செஸ் என்னும் கூடுதல் வரி. 48,000 ஆதாயத்தில் ஆறாயிரத்துச் சொச்சம் போக 2.82 லட்சம் நிற்கும். அதே 2.4 லட்சத்தை 6.5 சதவீத வைப்பில் போட்டிருந்தால் சுமார் 3.3 லட்சம்; வட்டிக்கு 20 சதவீத வரி கட்டினாலும் 3 லட்சத்துக்குக் குறையாது. போட்ட முதலை எடுக்கவே ஓவியம் 4 லட்சத்துக்கு விற்றாக வேண்டும். அதுவும் வாங்க ஆள் கிடைத்தால்தான். இரட்டிப்பாகும் என்பவரிடம், இதே விலைக்காவது திரும்ப எடுத்துக்கொள்வதாக எழுதித் தரச் சொல்லுங்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

நம் பக்கத்தில் ஓவியம் என்றாலே தஞ்சாவூர் ஓவியத்தின் கணக்குதான் பலர் மனதில்: எத்தனை அங்குலம், தங்க ரேக்கு எவ்வளவு, என்ன கல். சமகால ஓவியத்தில் உருக்கி எடுக்க எதுவும் இல்லை. வரைந்தவரின் கைக்கும் பெயருக்கும்தான் விலை. இருந்தாலும் பேரத்துக்கு ஓர் அளவுகோல் உண்டு. பல ஓவியர்கள் சதுர அங்குலத்துக்கு இவ்வளவு என்றுதான் விலை வைக்கிறார்கள். நீங்கள் பார்த்தது 48க்கு 36, அதாவது 1,728 சதுர அங்குலம். அங்குலத்துக்குச் சுமார் 139 ரூபாய். அதே ஓவியரின் மற்ற படங்களும் அந்தக் கணக்கில்தான் போகின்றனவா என்று கேளுங்கள். சதுர அங்குலத்துக்கு 55 ரூபாய் வாங்கும் இளம் ஓவியரிடம் 36க்கு 30 அங்குல ஓவியம் 59,400-க்கு வரும். கூடத்துச் சுவருக்கு அது சிறிய அளவல்ல.

அப்படிப்பட்டவர்களைத் தேட நீங்கள் சென்னைக்கே போக வேண்டியதில்லை. உங்கள் ஊரிலேயே அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. அதன் மாணவர், முன்னாள் மாணவர் கண்காட்சிகளைத் தவறவிடாதீர்கள். சென்னை போகும்போது எழும்பூர் கவின் கலைக் கல்லூரி, கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதமி, 1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தொடங்கிய ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலம் ஓவியர் கிராமம் ஆகியவற்றைப் பாருங்கள். மூன்று மாதம் பார்த்துவிட்டு வாங்குங்கள். கண் பழகிவிடும். உருவ ஓவியத்தில் முகம் மயக்கும். முதலில் கை விரல், பாதம், கழுத்து தோளில் சேரும் இடம் ஆகியவற்றைப் பாருங்கள். வரையத் தெரியாதவர் அங்கேதான் நிழலைப் பூசி மறைப்பார்.

அச்சுப் படத்தை அசல் என்று வாங்கி ஏமாறுவது சாதாரணமாக நடக்கிறது. கும்பகோணம் கல்லூரியில் படித்து, 2021-இல் கோவிட்டில் மறைந்த ஓவியர் இளையராஜாவின் கிராமத்துப் பெண்களை நம்மில் பெரும்பாலோர் இணையத்தில்தான் பார்த்திருப்போம். அப்படிக் கிடைக்கும் எந்தப் படத்தையும் கேன்வாஸில் அச்சடித்து, மேலே பளபளப்பான ஜெல்லைத் தூரிகையால் இழுத்துவிட்டால் கைவேலை போலவே தெரியும். பத்து மடங்கு லென்ஸ் வைத்துக் கன்னத்தைப் பாருங்கள். நுண்புள்ளிகள் தெரிந்தால் அச்சு. தூரிகைத் தடம் ஒரு பக்கமும் நிற மாற்றம் இன்னொரு பக்கமும் போனாலும் அச்சுதான்.

பில்லில் ஓவியர் பெயர், தலைப்பு, ஊடகம் (ஆயிலா, அக்ரிலிக்கா), அளவு, வருடம் இருக்க வேண்டும். ஓவியத்தின் போட்டோ ஒட்டி ஓவியரே கையெழுத்திட்ட சான்றும் வாங்குங்கள். பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். சொன்ன விலையில் ஜிஎஸ்டி அடக்கமா என்று கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் கையால் வரைந்த ஓவியத்துக்கு 12-இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. வாங்கினாலும் காப்புரிமை ஓவியரிடமே இருக்கும். காலண்டர், அழைப்பிதழில் போட அவர் அனுமதி வேண்டும். வீட்டுக் காப்பீட்டில் ஓவியம் தானாகச் சேராது. மதிப்பைத் தனியாகக் குறிப்பிட்டுச் சேருங்கள்.

காவிரிக் கரை வீட்டில் ஓவியத்துக்குப் பெரிய எதிரி சுவர்தான். உங்களுடையது புதுச் சுவர். ஓரடிச் சதுர பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். உள்பக்கம் நீர் கோத்திருந்தால் அந்தச் சுவரில் இந்த வருஷம் மாட்டாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் கேன்வாஸின் முதுகில் ஏறும். பூஞ்சை பின்னாலிருந்துதான் பிடிக்கும். நாலு மூலையிலும் ஒரு சென்டிமீட்டர் கார்க் துண்டு ஒட்டினால் பின்னால் காற்று ஓடும். முதுகைப் பாலிதீனால் மூடவே கூடாது. குளியலறைச் சுவரும் மேற்கு வெயில் விழும் சுவரும் வேண்டாம். சாம்பிராணிப் புகை படும் பூஜை அறைப் பக்கமும் வேண்டாம். துடைக்க ஈரத்துணியைத் தொடாதீர்கள், மென்மையான தூரிகை போதும்.

கேலரியில் பார்த்த ஓவியரே மனதில் நிற்கிறார் என்றால், அவர் தாளில் போட்ட கோட்டோவியம் இருக்கிறதா என்று கேளுங்கள். கேன்வாஸைவிட விலை பெரும்பாலும் வெகுவாகக் குறைவு; உங்கள் 60,000-க்குள் வர நல்ல வாய்ப்பு உண்டு. தாளுக்கு அமிலமற்ற மவுண்டும் (தாளைத் தாங்கும் அட்டை), கண்ணாடி தாளைத் தொடாத சட்டமும் வேண்டும் என்பதால் சட்டச் செலவு மட்டும் கொஞ்சம் கூடும்.