கோப்பையும் ஊரடங்கும்

அன்புள்ள ஐயா,

தேசிய அணிகள் மோதும் போட்டிகள் வெறுப்பைத்தான் வளர்க்கின்றன என்று சென்ற மாதக் கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். என்னால் ஏற்க முடியவில்லை. 2007 ஜூலையில் ஆசியக் கோப்பைக் கால்பந்து அரையிறுதிக்கு என் மாமா என்னை கோலாலம்பூரின் புக்கிட் ஜாலில் அரங்குக்கு அழைத்துப் போனார். எனக்கு அப்போது பதினாறு வயது. மலேசியா மூன்று ஆட்டங்களில் பன்னிரண்டு கோல்கள் வாங்கிக்கொண்டு வெளியேறியிருந்ததால் உள்ளூர்க்காரர்களுக்கு ஆர்வம் போய்விட்டது, பாதிக்கு மேல் காலி இருக்கைகள். ஈராக் தென்கொரியாவை வென்றது. நான்கு நாள் கழித்துக் கோப்பையையும் வென்றது. ஷியா, சுன்னி, குர்து என்று வெட்டிக்கொண்டிருந்த ஒரு நாட்டை அந்த அணி ஒன்றாக்கியது. இதை எந்த அரசியல்வாதி செய்தான்?

க., கிள்ளான்

அன்புள்ள க.,

என் வாக்கியம் அவசரத்தில் எழுதியது. திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் உங்கள் வாக்கியத்தையும் அப்படியே விட்டுவிட மனமில்லை.

நீங்கள் பார்த்த ஆட்டத்தில் 120 நிமிடங்கள் கோல் இல்லை. பெனால்டியில் ஈராக் கோல்கீப்பர் நூர் சப்ரி ஒன்றைத் தடுத்தார், இன்னொன்று கம்பத்தில் பட்டுத் திரும்பியது, 4-3. உங்கள் நினைவு அங்கே முடிகிறது. அதே மாலை பக்தாத்தில் மக்கள் கொடியோடு தெருவுக்கு வந்தார்கள். அந்தக் கூட்டத்துக்குள் இரண்டு கார் குண்டுகள் வெடித்தன. ஒன்று மன்சூர் பகுதியில், ஐஸ்கிரீம் கடை ஒன்றின் அருகே. ஏறத்தாழ ஐம்பது பேர் இறந்தார்கள். வென்ற மகிழ்ச்சிக்காகத் தெருவுக்கு வந்ததுதான் அவர்கள் செய்த பிழை.

செய்தி கேட்ட வீரர்கள் போட்டியிலிருந்து விலகிவிடலாமா என்று பேசியிருக்கிறார்கள். மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் தொலைக்காட்சியில், கோப்பையோடு வராமல் என் மகனுக்காக அழமாட்டேன் என்ற பொருள்படப் பேசியதைப் பார்த்துத்தான் மனம் மாறியதாகப் பின்னாளில் சொன்னார்கள். இதை உலகமெங்கும் நெகிழ்ச்சிக் கதையாகச் சொல்லிவிட்டார்கள். எனக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் அச்சமாகத்தான் இருக்கிறது. இருபது, இருபத்தைந்து வயதுப் பையன்களின் தோளில் ஏற்றுகிற சுமையா அது?

இறுதி ஆட்டம் ஜூலை 29, ஜகார்த்தா. எதிரணி சவுதி அரேபியா. 72ஆவது நிமிடத்தில் ஹவார் முல்லா முகமது கார்னர் கிக் எடுத்தார். சவுதி கோல்கீப்பர் முன்னேறி வந்து பந்தைத் தவறவிட, பின்னால் நின்ற அணித்தலைவர் யூனிஸ் மஹ்மூத் தலையால் முட்டி உள்ளே தள்ளினார். அந்த ஒரே கோல்தான். மறுநாள் பத்திரிகைகள், உதைத்த கால் குர்து, முட்டிய தலை சுன்னி, நடுக்களத்தை ஆண்ட நஷாத் அக்ரம் ஷியா என்று கணக்கு எழுதின. பாராட்டுவதாக நினைத்துக்கொண்டு கொலைகாரர்கள் பிரித்த பட்டியலையே அவர்களும் பிரித்தார்கள் என்பேன். 2006 பிப்ரவரியில் ஷியாக்களின் புனிதத் தலமான சாமர்ரா மசூதி தகர்க்கப்பட்ட பிறகு பக்தாத்தில் பெயரே ஆளைக் கொன்றது. சோதனைச் சாவடியில் அடையாள அட்டை வாங்கிப் பார்ப்பார்கள், சுன்னிகள் வைக்கும் உமர் என்ற பெயர் இருந்தால் முடிந்தது கதை. பொய்ப் பெயரில் இரண்டாவது அட்டை வைத்துக்கொண்டு நடமாடினார்கள். அந்த ஊரில் தொலைக்காட்சி வருணனையாளர் ஹவார், நஷாத், யூனிஸ் என்று ஒரே மூச்சில் அடுக்கிக்கொண்டு போகிறார், கேட்கிறவர்கள் பந்து யாரிடம் இருக்கிறது என்று மட்டும் கவனிக்கிறார்கள். 90 நிமிடங்கள் ஒரு பெயர் வெறும் பெயராக இருந்தது. அணி செய்தது இதுதான் என்று நினைக்கிறேன். நாட்டை ஒன்றாக்கியது என்பது நாம் தூர இருந்து கட்டிவிட்ட மாலை.

ஏனென்றால் அந்த இறுதி ஆட்ட நாளில் பக்தாத்தில் வாகனங்கள் ஓடத் தடை. கொண்டாட்டத்தில் வானத்தை நோக்கிச் சுட்ட துப்பாக்கிகளாலும் சிலர் செத்தார்கள். வென்ற அணித்தலைவரே, திரும்பிப் போனால் யாரும் என்னைக் கொல்லலாம் என்று வெளிப்படையாகச் சொன்னார், அமெரிக்கப் படைகள் வெளியேற வேண்டும் என்றும் சொன்னார். அணி பக்தாத் சென்றபோது பிரதமர் அவர்களை வரவேற்றது பசுமை வளையம் எனப்பட்ட, அரசு அலுவலகங்களும் தூதரகங்களும் இருந்த பகுதியின் காவலுக்குள். யூனிஸ் அங்கே இல்லை. கோப்பை வென்று பதினாறு நாளில், ஆகஸ்ட் 14 அன்று, வட ஈராக்கின் சிஞ்சார் அருகே யஸீதி என்ற சிறுபான்மைச் சமயத்தாரின் கிராமங்களில் லாரிக் குண்டுகள் வெடித்து நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். அரசியல்வாதி செய்யாததைப் பந்து செய்தது என்கிறீர்கள். செய்ய வேண்டியவர்கள் செய்யவில்லை, பந்தாலும் முடியவில்லை.

பக்கத்திலேயே வேறொரு உதாரணம் உண்டு. 1996இல் இலங்கை கிரிக்கெட் உலகக் கோப்பையை வென்றது, அணியில் முரளிதரன் இருந்தார், போர் அதற்குப் பின்னும் பதின்மூன்று ஆண்டுகள் நடந்தது. அதைப் பற்றி எழுதினால் எனக்கு வேறுவகைக் கடிதங்கள் வரும். நிறுத்திக்கொள்கிறேன்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த மனிதர் பயிற்சியாளர் ஜோர்வான் வியெரா. பிரேசில்காரர். போட்டிக்கு இரண்டு மாதம் முன்புதான் பொறுப்பேற்றார். சொந்த நாட்டில் விளையாட முடியாத அணிக்கு ஜோர்டானில் பயிற்சி கொடுத்தார். நாட்டில் நடப்பது அணிக்குள்ளும் இருந்தது, சகோதரத்துவம் பொங்கி வழிந்த கூடாரமெல்லாம் இல்லை. ஆனாலும் ஆஸ்திரேலியாவை 3-1 என்று அடித்தார்கள். கோப்பை கைக்கு வந்ததும் வியெரா விலகிவிட்டார். பந்தாட்டம் சொல்லிக்கொடுக்க வந்தார், சொல்லிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

மற்றபடி, உங்கள் மீது எனக்குப் பொறாமைதான். யூனிஸையும் நூர் சப்ரியையும் நேரில் பார்த்திருக்கிறீர்கள். நான் அந்த ஆட்டங்களைப் பதிவுகளில்தான் பார்த்தேன். காலி இருக்கைகளைப் பற்றி எழுதிய நீங்கள், உங்கள் மாமா அன்று யாருக்குக் கை தட்டினார் என்று எழுதாமல் விட்டுவிட்டீர்களே?